மூன்றாம் நாள் தட்டு

மஞ்சக்குப்பம் ஆய்வகத்தில்
மழை வந்தது முதலில் மரக்கதவுக்குத் தெரியும்.
ஊதிப்போய்ச் சாத்த மறுக்கும்.
பிறகு எனக்கு:
ரத்த பாட்டில்களின் சீட்டில்
குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் கூடும்.

தனகோட்டி, ஐம்பத்திரண்டு, நடவு வேலை.
சர்க்கரை உண்டு. இரண்டு மாதமாய் விட்டுவிட்டுக் காய்ச்சல்.
சளியில் காசநோய் இல்லையென்று இருமுறை வந்தும்
காசநோய் மாத்திரை ஒரு மாதம் தின்றிருக்கிறார்.
சீட்டின் மூலையில் டாக்டர் நசீமா பென்சிலால்:
அவசரப்பட்டுத் தட்டை எறிய வேண்டாம்.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் குண்டூசித் தலையளவில் புள்ளிகள்,
எதுவாகவும் இருக்கலாம்.
மூன்றாம் நாள்
வற்றிய ஏரியின் அடிச்சேறு போல்
நடுவிலிருந்து விளிம்புவரை சுருங்கிக் கிடந்தது.
மண் மணக்கும் என்பார்கள்.
மூக்கால் படிக்கக் கூடாத பாடம் அது,
மூடியைத் திறக்கவில்லை.

மண்ணில் குடியிருப்பது.
கோடையில் ஆழத்தில் கிடந்து
பரவனாறு கரை மீறினால் மேலே வரும்.
வெடித்த குதிகாலில் ஏறும், சாரலோடு நெஞ்சில் இறங்கும்.
காசம்போல் இருமும், நிமோனியாபோல் இரைக்கும்,
கல்லீரலில் சீழாய்க் கட்டும்.
தன் பெயரை மட்டும் சொல்லாது.

மெலியாய்டோசிஸ்.
பெயரின் முற்பாதி
நீ மெலிய மாட்டாய் என்கிறது.
தனகோட்டி முப்பத்தெட்டுக் கிலோ.

வாரப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
டெங்குவுக்கு உண்டு, எலிக்காய்ச்சலுக்கு உண்டு,
தொண்டை அடைப்பானுக்கும் உண்டு.
கடைசியில் "மற்றவை", என் கட்டைவிரல் நகமளவு.
நெருக்கி எழுதி அனுப்பினேன்.
கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து மணிமாறன் கேட்டார்:
"மேடம், எழுத்துப்பிழையா?"

அன்றிரவு பழைய பதிவேடுகளை எடுத்தேன்.
போன வருஷம், அதற்கு முந்தின வருஷம்,
ஐப்பசி கார்த்திகைப் பக்கங்கள் மட்டும்.
வளர்ச்சி: உண்டு.
முடிவு: கன்டாமினன்ட்.
ஐந்து இடத்தில். ஐந்தும் என் கையெழுத்து,
அந்த 'ட்'டின் புள்ளியை நான்தான் அப்படி அழுத்துவேன்.
வைத்திலிங்கம், 47, செங்கல் சூளை.
செந்தாமரை, 60.
அமிர்தவல்லி. இருசப்பன்.
இன்னொருவருக்குப் பெயரில்லை, ஆண், ஐ.சி.யூ, கட்டில் ஆறு.
தட்டுகளை அப்போதே அவித்து எறிந்தாயிற்று.
ஐந்தில் எத்தனை இது, எத்தனை நிஜமாகவே மாசு
இனி எவராலும் சொல்ல முடியாது.
தெரியாது என்பதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

காலையில் மணிமாறனுக்குப் படித்துக் காட்டினேன்.
மறுமுனையில் கீபோர்டு சத்தம் நின்றது.
"உயிரோட இருக்காங்களான்னு பார்க்கவா மேடம்?"
"பாருங்க."
"ஏன் தேடறீங்கன்னு வீட்டுல கேட்டா?"
ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது,
அது ஓயும்வரை சத்தத்தின்மேல் பழியைப் போட்டு
பேசாமலிருந்தேன்.

ஊசி மாறியது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கி
தனகோட்டி இட்லி கேட்டாராம்.
வார்டுக்குப் போனேன், அது என் வேலை அல்ல.
"எங்கேர்ந்து வந்துச்சு?"
"சேத்துல இருந்து."
"வீட்டுக்குப் போனா ரெண்டாம் நடவு இருக்கு."
"பூட்ஸ் போட்டுக்கங்க."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கி,
"நீங்க ஒரு மணி நேரம்
அதோட நட்டுக் காட்டுங்க" என்றார்.

மணிமாறனின் பட்டியல் வந்தது:
மூவர் இல்லை.
அமிர்தவல்லி திருப்பூரில் மகளோடு, நம்பர் கிடைக்கவில்லை.
கட்டில் ஆறுக்கு முகவரியே இல்லை.
பழைய பக்கங்களில் எதையும் அடிக்கவில்லை நான்.
ஓரத்தில் ஐந்து கேள்விக்குறி, பேனாவால்.

இன்று எட்டு பாட்டில். மறுபடி மழை.
இரண்டாம் நாள் தட்டை யாரும் எறியக்கூடாது என்று
இன்குபேட்டர் கதவில் ஒட்டி வைத்தேன்.
ஈரத்தில் டேப் நிற்கவில்லை.
இன்னொரு முறை ஒட்டுகிறேன்.