பத்துக்கு எட்டு

செக்காலை ரோட்டுக் கடையில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கணினியில் இடம் காலி செய்துகொண்டிருக்கிறேன்.
விடிவதற்குள் பதினோரு புத்தாண்டு பேனர்கள்.
பெட்டியோ நிரம்பிவிட்டேன் என்கிறது.
எதிர்வீட்டில் பிள்ளையார் நோன்புக்கு வந்திருந்த கார்கள்
நேற்றே கிளம்பிவிட்டன.

அஞ்சலிக் கோப்புகள் தனியே கிடக்கின்றன.
இந்த வருடம் இருநூற்றுப் பதினாறு பேர்.
தோற்றம், மறைவு, நடுவில் ஒரு பூ.
எல்லோருக்கும் அதே பூ.

பாதிப் பேர் கல்யாணப் படங்களிலிருந்து வெட்டி எடுத்தவர்கள்.
தோளில் கிடக்கும் இன்னொருவர் கையை
அழிப்பதற்குள் இடுப்பு விட்டுவிடும்.
சில கைகளை அழிக்கவே முடியாது.
சட்டை மடிப்புபோல மாற்றிவிடுவேன்.

மூத்தவர் என்றால் 'இயற்கை எய்தினார்'.
லாரி என்றாலும் கயிறு என்றாலும் 'அகால மரணம்'.
வெட்டு என்றால் யாரும் சொல்வதில்லை.
வந்து நிற்கும் பையன்களின் கண்ணைப் பார்த்து
பின்னணிக்குச் சிவப்பு கொடுப்பேன்.

ஆகஸ்டில் சிகப்பியின் படத்தோடு
கண்டனூரிலிருந்து அவள் அப்பா வந்தார்.
'புருசன் பேரு வேணாம் தம்பி.'
ஒரு மணி நேரம் கழித்துப் புருசன் வீட்டார்.
'எங்க பேரு மேல வரணும், எழுத்து பெரிசா.'
இரண்டையும் அடித்துக் கொடுத்தேன்.
பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரே கம்பத்தில்
முதுகோடு முதுகாகத் தொங்கினாள்.
காற்றடித்தபோதெல்லாம்
தன்னையே அறைந்துகொண்டாள்.

அடுத்த கோப்பு வயிரவன்.
இதன்மேல் அம்புக்குறியை வைத்தபடி
டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

புதுவயல் பக்கம் ஓர் ஊரில் புரவி எடுப்பு.
இரண்டு தெருவும் சேர்ந்து கொடுத்த பேனர்,
பத்துக்கு எட்டு, முப்பத்து நாலு முகம்.
அவனுடையது செல்போன் படம், மங்கல்.
கீழே, ஓரத்தில், சின்னதாக வைத்தேன்.
இடமில்லை. அவ்வளவுதான்.
அவன் எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பேனர் கிழிந்துகிடந்தது.
கிழித்தது யார் என்று கேட்டார்கள்.
வெறுங்கையோடு கேட்கவில்லை.

கண்மாய்க் கரையிலிருந்து தூக்கிவந்த மறுநாள்
அவன் அண்ணன் என் கடை வாசலில்.
'இப்பவாச்சும் பெரிசாப் போடுங்கண்ணே.'
அதே செல்போன் படம்.
இழுக்க இழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது முகம்.
ராத்திரி முழுக்க ஒட்டவைத்தேன்.
காசு வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன். நூறு ரூபாய் குறைத்துக்கொண்டேன்.
ஸ்டேஷனில் கேட்டபோது
பில் புக்கை மட்டும் நீட்டினேன்.

கழனிவாசலில் ஆடு வளர்க்கும் வள்ளிக்கண்ணு
மழைக்காலத்தில் பழைய பேனர் கேட்டு வருவாள்.
போன வாரம் அந்தப் பக்கம் போனேன்.
ஆட்டுக் கொட்டகைக் கூரையில் வயிரவன்.
முகம் உள்பக்கமாக,
இரண்டு குட்டிகளைப் பார்த்தபடி.
'வெளிப்பக்கம் போட்டா
வெயில்ல மூஞ்சி வெளுத்துப்போவும்ல, பாவம்'
என்றாள்.
அவன் யாரென்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஷட்டரைத் தட்டுகிறார்கள்.
குனிந்து வருகிறார்கள் நாலு பையன்கள்,
தலையில் தூறல்.
'புத்தாண்டு பேனர்ண்ணே, பத்துக்கு எட்டு.
மொத்தம் முப்பது பேரு.
எவனையும் சின்னதாப் போட்டுராதீங்க,
அப்புறம் சண்டைதான்.'
சிரிக்கிறார்கள்.
அடைக்கலம் மெஷினில் கறுப்பு மை ஊற்றுகிறான்.

எல்லோரும் ஒரே அளவில் வர
கட்டம் போட்டுப் பார்க்கிறேன்.
குறுக்கே ஆறு, நெடுக்கே ஐந்து.
வாழ்த்து வாசகத்தை எடுத்துவிட்டேன்.
என் கடைப் பெயரையும் எடுத்துவிட்டேன்.
இன்னும் இரண்டு முகத்துக்கு
இடம் போதவில்லை.