இரண்டாம் எழுத்து

கோத்தகிரியில் மூன்றாம் நாளாகக் கரண்ட் இல்லை.
பள்ளி அரங்கில் பியானோவின் வயிற்றைத் திறந்து
குனிந்திருக்கிறார் நத்தானியேல் போஜன்.
டார்ச் பிடிப்பது நான்.
மடியில் ஒன்பதாம் வகுப்பின்
எதுகைத் தாள்கள், முப்பத்தெட்டு.

ஒரு கட்டைக்கு மூன்று கம்பி.
ஒன்றின் வாயைக் கம்பளித் துணியால் அடைத்துவிட்டு
மற்ற இரண்டைத் தட்டுகிறார்.
வவ், வவ், வவ் என்று
நடுவில் ஏதோ துடிக்கிறது.
"கேக்குதா டீச்சர்? சண்டை."
முளையை மயிரளவு திருக,
துடிப்பு தளர்கிறது,
மழை விட்டபின் தகரத்தில் சொட்டுவதுபோல
இடைவெளி நீண்டு
நீண்டு
இல்லாமல் போகிறது.
இரண்டு கம்பிகள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பிளாஸ்கைத் திறந்து ஊற்றுகிறார்.
"ஹாலு கம்மி," என்கிறார், தன்னையறியாமல்.

பால், ஹாலு.
பல், ஹல்லு.
பட்டி, ஹட்டி.
தாளோரத்தில் எழுதிப் பார்க்கிறேன்.
முதலெழுத்து வேறு, அளவு ஒன்று,
இரண்டாவதில் அதே மெய்.
பதினோரு வருஷம் இந்த மலையில்
யாப்பு நடத்தியிருக்கிறேன்.
அருப்புக்கோட்டையிலிருந்து ஏறிவந்த என் வாயும்
அரவேணுவுக்குக் கீழே இவர் ஹட்டியும்
அடுத்தடுத்த அடிகளாய் நின்றது
இந்த ஒற்றை வெளிச்சத்தில்தான் தெரிகிறது.

இப்போது பஞ்சமம்.
தேன் மாதிரி ஒட்டியதும்
கொஞ்சம் தளர்த்துகிறார்.
ஐயோ, நல்லா இருந்துச்சே!
"இருக்கும். எல்லாத்தையும் சுத்தமா வச்சா
பன்னெண்டு படி சுத்தி வீட்டுக்கு வரும்போது
நிலை தலையில இடிக்கும்.
ஆளுக்கு இத்துனூண்டு விட்டுக்கொடுக்கணும்."

பதினாறாவது தாள், ஜென்சி.
'தட்டு' என்று தொடங்கிய அடிக்கு
'பக்கம்' என்று எதுகை எழுதியிருக்கிறாள்.
காலையில் சிவப்பில் பெருக்கல் போட்டிருந்தேன்.
டகரமும் ககரமும் வல்லினம்.
இனத்துக்கு இனம் ஒத்தாலும் எதுகைதான் என்று
நானே கரும்பலகையில் எழுதியதுண்டு,
எழுதிவிட்டு, தேர்வுக்கு வராது
என்று அழித்ததும் உண்டு.
பாதி மதிப்பெண் போடுகிறேன்.
பேனாவை மூடி,
மறுபடி திறந்து,
முழுசாகப் போடுகிறேன்.

கரண்ட் வந்துவிட்டது.
தலைக்கு மேலே டியூப்லைட்
கண்ணைச் சிமிட்டி, ரீங்கரிக்கத் தொடங்குகிறது.
காதைச் சாய்த்துக் கேட்கிறார் போஜன்.
"இவன் எந்தச் சுருதியிலயும் சேர மாட்டான்,"
என்றபடி அடுத்த கம்பிக்கு நகர்கிறார்.
டார்ச்சை நான் இன்னும் அணைக்கவில்லை.