அடிக்கணக்கு

காலை ஆறு ஐம்பதுக்கு
மஞ்சள் வேன் இன்னமும்
எங்கள் வாசலில்தான் ஆரன் அடிக்கிறது.
அடுத்த வீட்டு தர்ஷிகாவுக்காக.
போர்வைக்குள்ளிருந்தே பிரணேஷ் சொல்கிறான்,
"இன்னிக்கு ரெண்டு நிமிசம் லேட்டு."

இவன் நின்று ஏழு மாதம்.

திருச்செங்கோட்டில் ஒரு பையன்
பள்ளிக்கூடம் போகவில்லையென்றால்
தெருவே காரணம் கேட்கும்.
மளிகைக்கடையில், பீஸ் கட்ட முடியலீங்களா?
ஆமாங் என்றேன்.
மாமனாரிடம் வீசிங் என்றேன்.
கணக்கெடுக்க வந்த டீச்சரிடம்
வர்ற வருசம் சேத்தீர்றமுங்.
நாத்தனாரிடம் மட்டும் கொஞ்சம் பெருமையாக,
வெளிநாட்டுலயெல்லாம் இப்படித்தான்.

நடந்தது சின்னது.
ஆறாம் வகுப்பு. அதற்குள் டாக்டர் கோச்சிங்.
ராத்திரி ஏழே முக்காலுக்குத்தான் வீடு.
ஒருநாள் நடுத்தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து
சுண்டுவிரலைத் தூக்கினான்.
கண் திறக்கவில்லை.
போயிட்டு வா சாமி என்றேன்.
மறுபடியும் சொன்னேன்.
அவன் கேட்டது என்னிடமில்லை.
கேட்டவர் விடவில்லை போல.
விரல் இறங்காமலே
பாய் நனைந்தது.

இதை யாரிடம் சொல்வது?

நான் பிளஸ் டூ. தசமப் புள்ளி
எனக்கே இடம் மாறும்.
பின்னம் வராததற்கு ஒருநாள் அறைந்துவிட்டேன்.
அந்தப் பள்ளியில்கூட யாரும் அடித்ததில்லை.
அன்று மத்தியானம் இரண்டு பேரும்
முகம் பார்க்காமல் ரசஞ்சோறு சாப்பிட்டோம்.

அவன் அப்பா ரிக் வண்டியோடு
சத்தீஸ்கரில் ஏதோ காட்டில்.
சாயங்காலம் போன் வந்தால்
அதுதான் எங்கள் கணக்குப் பாடம்.
"எத்தன அடிங்ப்பா?"
"அறுநூத்தி நாப்பது. பொகைதான் வருது."
முதல் முந்நூறுக்கு ஒரு ரேட்டு,
அப்புறம் நூறுக்கு நூறு ஏறும்.
கேசிங் பைப் தனி.
நாக்கைக் கடித்துக்கொண்டு கூட்டுவான்.
தொகை சரியாக இருந்தால்
அங்கே அவர் விசில் அடிப்பார்.

நேற்று கூட்டி முடித்துவிட்டுக் கேட்டான்,
"தண்ணி வரலீன்னாலும் குடுக்கோணுங்ளாப்பா?"

கம்ப்ரஸர் சத்தம் மட்டும் கேட்டது.

"அடிக்குத்தாஞ் சாமி காசு."

அதையும் விடைக்குக் கீழே எழுதிவைத்தான்.
நான் அந்த நோட்டைத் திருத்தவில்லை.

ஏழே முக்காலுக்கு வேன் திரும்பியது.
இவன் கேட்டுக்கு ஓடினான்.
தர்ஷிகா பாதிக்கண் மூடி இறங்கினாள்.
அவள் பையை வாங்கி
அவள் வீட்டுப் படிவரை சுமந்துபோனான்.
இரண்டு பேரும் ஒன்றும் பேசினமாதிரி தெரியவில்லை.

"அவ புதுசா பென்சில் பாக்ஸ் வாங்கீருக்காம்மா,"
வந்து சொன்னான்.
வெகுநேரம்
கேட்டின் கொண்டியைத் திறந்து
மூடிக்கொண்டிருந்தான்.
தோசை ஆறுதுடா என்று கூப்பிட வாயெடுத்தேன்.
கூப்பிடவில்லை.