இடது முன்னங்கால்

மரோன்யாஸ் மைதானத்து மதிலில் எழுதியிருக்கிறார்கள்:
செனிசா. 17 ஓட்டம். 16 வெற்றி.
காரை பெயர்ந்து ஆறின் கொண்டை உதிர்ந்ததில்
பத்து என்று படிக்கிறார்கள் புதுப் பையன்கள்.
திருத்த எனக்கு வாய் வரவில்லை.

மொந்தேவீதியோ முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது.
எனக்கு வாய்த்தவை நான்கு குளம்புகள்.
லாடம் அடிப்பவன் குதிரைக்கு முதுகு காட்டித்தான் நிற்பான்.
என் பின்பையில் சர்க்கரைக் கட்டி தேடும் உதடுகள்,
தொடைகளின் இடுக்கில் அவள் கால்,
அதன் சூடு.

செனிசா என்றால் சாம்பல்.
பிறந்தபோது கரி.
ஓட ஓட வெளுத்தாள்,
ஐந்து வயதில் ஈர விறகின் புகை.

முதல் ஓட்டம் மழையில், ஆயிரம் மீட்டர்.
ஒன்றுக்கு முப்பது என்றார்கள், சீந்துவாரில்லை.
ரொட்டிக்கடை தெல்ஃபினா மட்டும்
பெயர் பிடித்திருக்கிறது என்று கட்டினாள்.
அந்தக் காசில் வாங்கிய ஃப்ரிட்ஜ்
அவள் கடையில் இன்னும் உறுமுகிறது.
அதன்பின் செனிசாவால் யாரும் பணக்காரராகவில்லை:
நூறு பெசோ போட்டால் நூறும் சில்லறையும்.
ஆனாலும் கட்டினார்கள்.
சீட்டை மாற்றாமல் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

ஆற்றைத் தாண்டி அர்ஜென்டீனாவுக்கும் போனோம்.
படகில் இரவெல்லாம் நின்றபடி வந்தவள்
மறுநாள் அவர்களுடைய ராஜாக்களைக்
கழுத்து நீளத்தில் ஜெயித்தாள்.

பன்னிரண்டாவது ஓட்டம்.
ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள்.
முந்தின மாலை பயிற்சி இரும்பைக் கழற்றி
அலுமினிய லாடம் பூட்டுகிறேன்,
ஓர் ஆரஞ்சுப் பழத்தின் எடைகூட இல்லை.
காலுக்கு ஆறு ஆணி.
நல்ல ஆணி குளம்போட்டில் ஏறும்போது கணீரென்று பேசும்.
இடது முன்னங்கால், ஐந்தாவது ஆணி
தலையணையில் அடித்ததுபோல் பேசியது.
அவள் தோல் ஒருமுறை சிலிர்த்தது.
ஈ என்று நினைத்தேன்.

இல்லை.
ஈ என்று வைத்துக்கொண்டேன்.

கடைசி வளைவில் இடது காலை முன்வைக்க மறுத்தாள்.
வலப்பக்கமாய் அகன்று, அகன்று,
வெளிவேலி வரை போய்த்தான் நேரானாள்.
அங்கிருந்து அவள் ஓடிய ஓட்டம்
ஜெயித்த பதினாறிலும் இல்லை.
ஒரு மூக்கு. அவ்வளவுதான்.
பெயர்கூட நினைவில்லாத செந்நிறக் குதிரை ஒன்று.

கடுகு நிறச் சட்டையோடு
சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்த ஜாக்கி
வில்மார் எச்செனிக்கேமேல்
பாட்டில்கள் விழுந்தன.
"வளைவை விற்றுவிட்டான்" என்றார்கள்.
முதலாளி அர்ராம்பிதே பார்வையே திருப்பவில்லை.
அன்றிரவு லாடத்தைக் கழற்றினேன்.
ஐந்தாவது ஆணியின் முனையில்
கடுகளவு ரத்தம்.
ஏப்ரனில் துடைத்தேன்.

பிறகு ஐந்து வெற்றி, வேறு ஜாக்கியோடு.
பிறகு குட்டிகள், புல்வெளி.
ஒரு குளிர்காலத்தில் தந்தி மாதிரிச் சுருக்கமாய்
ஒரு தொலைபேசி அழைப்பு.

போன மாதம் சால்த்தோ ஊரில்
பேருந்து ஏறினால், ஓட்டுநர் வில்மார்.
கிழடு தட்டியும் ஜாக்கியின் கைகள்;
ஸ்டீயரிங்கைக் கடிவாளம்போல்
விரல் நுனியில் பிடித்திருந்தான்.
டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்தான்.
சிவப்பு விளக்கில் நின்றபோது
முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்:
"அந்த வளைவு எனக்கு இன்றுவரை புரியவில்லை, பென்தன்கூர்.
எதையோ பார்த்துப் பயந்திருப்பாள்."

"இருக்கும்" என்றேன்.
என் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே
இறங்கிக்கொண்டேன்.