கணு

ராயக்கோட்டை சாலை நர்சரியில்
எலுமிச்சங்கன்று வாங்கினேன்.
பத்து ரூபாய் சில்லறை இல்லையென்று
பதிலுக்கு ஒரு முழம் கொடி கொடுத்தான் பையன்.
வெடேலியா.
‘தண்ணி வேணாம், எரு வேணாம் சார்.
போட்டா புடிச்சிக்கும்.’

பொய் சொல்லவில்லை அவன்.

முதல் மழைக்குக் குழாயடி பச்சையானது.
இரண்டாம் மழைக்கு
சுவரோரம் முழுக்க மஞ்சள் பூ.
படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்,
நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள்.
மூன்றாம் மழையில்
புதினாவைக் காணோம்.
கனகாம்பரம் கழுத்துவரை முங்கி
கடைசிப் பூவைத் தூக்கிப் பிடித்திருந்தது.
ஆவணியில் தொலைந்த மகளின் ஒற்றைச் செருப்பு
மார்கழியில் கிடைத்தது.
வாருக்குள் வேர்.

பிடுங்கினேன்.
பிடுங்கிக் குவித்தேன்.
குவியல் குவிந்த இடத்திலேயே துளிர்த்தது.
மண்வெட்டியால் கொத்தினேன்;
ஒன்று பதினேழானது.
கணுவுக்குக் கணு உயிர் வைத்திருக்கிறது,
எந்தக் கணுவையும் நம்பி இல்லை அது.

உப்பைக் கொட்டு என்றார் பால்காரர் திம்மராயன்.
மருந்தடி என்றார் உரக்கடைக்காரர்.
பாட்டிலைத் திருப்பி முக்கோணத்தைப் பார்த்த மாதேஸ்வரி
‘முருங்கையும் அங்கதான் நிக்குது,
கீரைய யாரு திங்கறது, உரக்கடைக்காரரா?’ என்றாள்.
பாட்டில் ஸ்கூட்டர் பெட்டியில்
இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.

எனக்குப் பிடிபடாத செடி இல்லை இது.
என் பிழைப்பே இதுதான்.
காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு,
அதன் மூலையில் முதலில் ஒரே ஒரு கல் நடுவோம்,
மஞ்சள் பெயிண்ட் அடித்து.
பக்கத்துத் தோப்புக்காரர்
கல்லைப் பார்க்காத மாதிரி
மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்.
அடுத்த காய்ப்புக்குள் அவரே போன் பண்ணுவார்.
அப்புறம் தார் ரோடு,
விளக்கு எரியாத விளக்குக் கம்பம்,
இரண்டு சிமெண்ட் யானை வைத்த நுழைவாயில்.
அந்தப் பக்கத்துத் தோப்பு.
அதற்கும் அந்தப் பக்கம்.

கடைசியில் ஆபீசிலிருந்து
பழைய பிளெக்ஸ் கொண்டுவந்தேன்,
இருபதுக்குப் பத்து.
துளசி கார்டன்ஸ், மூன்றாம் பகுதி,
சுலபத் தவணை, உடனடிப் பத்திரப் பதிவு.
கொடியின் மேல் விரித்து
நாலு மூலைக்கும் நாலு எல்லைக் கல்,
மிச்சமானவை.
வெளிச்சம் போகாவிட்டால்
எத்தனை நாள் இருக்கும் பச்சை?

மகள் காலண்டரில் பெருக்கல் குறி போட்டுவந்தாள்.
பிளெக்ஸ் மேல் பூனை படுத்தது.
மழைத்தண்ணீர் தேங்கி
துளசி என்ற எழுத்தில் கொசு முட்டையிட்டது.

நாற்பத்தைந்தாம் நாள் தூக்கினேன்.
வெந்த கீரை வாடை.
வைக்கோல் நிறத்தில் நரம்பு நரம்பாய்க் கொடி,
தொட்டால் நொறுங்கியது.
ஒரு மண்புழு. ஒரு எவர்சில்வர் கரண்டி.
நடுவில் முழ உயரத்தில்
செந்தூரா மாங்கன்று ஒன்று,
போன வருஷம் தின்று எறிந்த கொட்டை
எங்களுக்குத் தெரியாமல் முளைத்தது.
இலையெல்லாம் கருத்து, தண்டு வளைந்து,
அதுவும் செத்திருந்தது.

பிளெக்ஸை மடிக்கும்போதுதான் பார்த்தேன்.
ஓரத்தில் கயிறு கட்டும் இரும்பு வளையம்,
சுண்டுவிரல் நுழையாத ஓட்டை.
அதன் வழியே தலையை நீட்டி
ஒரு மஞ்சள் பூ.

‘அழகா இருக்கே’ என்றது மதிலுக்கு அப்பாலிருந்து குரல்.
போன மாசம் பால் காய்ச்சிய
நாற்பத்தெட்டாம் மனை எஸ்தர் டீச்சர்.
‘எங்க பக்கம் வெறும் செம்மண்ணு.
ஒரு கிளை குடுங்களேன்.’
வேண்டாம் டீச்சர் என்றேன்.
இது விடாது, சுவர் தாண்டும், கன்று முழுங்கும் என்றேன்.
சிரித்தார்.
ஒரு கொடிக்கா இவ்வளவு என்று
அந்தச் சிரிப்பில் எழுதியிருந்தது.

மறுநாள் காலை
தெருமுனைக் குப்பையில் குனிந்து
நான் எறிந்த குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார்.
ஈரமான ஒரு முழத்தைத் தேர்ந்தெடுத்து
பேப்பரில் சுற்றி, நிமிர்ந்து, என்னைப் பார்த்து,
கூசாமல் கேட்டார்:
‘தண்ணி நெறைய ஊத்தணுமா சார்?’

மண்டி கட்டாத என் கையில்
இன்னொரு தோப்புக்காரரின் போன் அடித்துக்கொண்டிருந்தது.

‘ஊத்தவே வேணாம்’ என்றேன்.