வெளியிலிருந்தும் திறக்கும் தாழ்

பெட்ரோல் இல்லை என்று சொன்னேன்.
இருந்தது. அரை டாங்கிக்கு மேல்.

ஐப்பசி மழை. சோதிமணி அக்கா
தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு
என் காம்பராக் கதவைத் தட்டினாள்.
"சுதர்சன் பாத்ரூமுக்குள்ள, தம்பி.
கூப்புட்டா பேச மாட்டேங்குறான்."

கொழும்புக் கடையிலிருந்து அவன் கொண்டுவந்தது
சம்பளம் மட்டுமில்லை என்று
லயத்துக்கே தெரியும்.
நோர்வூட் சந்தியில் பொலிஸ் நிற்கும்.
சீட்டில் வாந்தி எடுப்பான்.
யார் பேரைப் பதிவார்கள்? என் பேரை.
படுத்தபடியே போட்ட கணக்கு
சரியாகத்தான் வந்தது.

கதவை உடைக்க நாற்பது நிமிடம்.
நல்ல இரும்புத் தாழ்.
மானத்துக்காகப் போட்டது.

பதினாறாம் நாள் முடிந்து
பாக்டரி பிட்டர் அருளப்பன்
ஸ்க்ரூ ட்ரைவரோடு வந்து
லயத்துத் தாழ்களையெல்லாம் கழற்றப் போனான்.
பெண்கள் மறித்தார்கள்.
"நாங்க குளிக்கிறப்ப எவனாச்சும் திறந்தா?"
அவன் வாயடைத்துத் திரும்பினான்.

இரண்டு கிழமை கழித்து
கடைசல் பட்டறையில் வெட்டியது ஒன்றைக் கொண்டுவந்தான்.
உள்ளே பூட்டலாம். வெளியே ஒரு கீறல்,
பத்து ரூபாய்க் காசு நுழையும் அளவு.
திருப்பினால் திறக்கும்.
பன்னிரண்டு கதவு, பன்னிரண்டு தாழ்.
மேலே ஆணியில் நூல் கட்டிய காசு.

முதல் வாரமே நாலு காசு களவு போனது.
மறுபடி கட்டினோம்.
எடுத்தவனுக்கும் அதே கதவுதான்.

டிஸ்பென்சரியில் குசுமாவதி மிஸ்
சிங்களம் கலந்த தமிழில் சொன்னார்:
"உதடு நீலமா பாருங்க. மூச்சு பாருங்க.
கேள்வி எல்லாம் அப்புறம்."
உரச்சாக்கில் காய்ந்த மானா அடைத்து
போத்தல் கழுத்தை வாயாகத் தைத்தோம்.
பூரணி முதலில் ஊதினாள்.
சிரித்தாள். சிரிப்பு நிற்காமல்
சாக்கின்மேல் கவிழ்ந்து அழுதாள்.
அவள் தம்பியும் கொழும்பில்தான்.

ஒரு மருந்து இருக்கிறதாம்,
போகிற உயிரை இழுத்து நிறுத்துமாம்.
எங்கள் மலைக்கு அது வந்து சேரவில்லை.
எங்களிடம் இருப்பது காற்று.
ஐந்து எண்ணி ஒரு மூச்சு.
கொழுந்து நிறுக்கும் இடத்தில்
கிலோவுக்குச் சண்டை பிடிக்கிற குரல்கள்
சாயந்தரம் அதையே எண்ணின.

பிள்ளைக்காம்பராச் சுவரில்
என் நம்பரை எழுதி ஒட்டினேன்.
கீழே: எங்கே வாங்கினாய் என்று கேட்கமாட்டேன்.

தை மாதம், இரவு இரண்டு பத்து. பனி.
காசு கீறலுக்குள் போவதற்கு முன்
இருமுறை வழுக்கியதாம்.
உள்ளே தினோஷன், சுவரில் சாய்ந்து,
நித்திரைக்காரன்போல.
படங்கில் கிடத்தி ஆறு பேர் தூக்கினார்கள்,
நூற்றுப்பன்னிரண்டு படி,
படிக்குப் படி நின்று நின்று
பூரணி ஊதினாள்.

ஓட்டோவுக்குள் அவள் எண்ணினாள்.
நானும் எண்ணினேன்.
ஒவ்வொரு வளைவிலும்
நாலில் நின்றுவிடுமோ என்றிருந்தது.

டிக்கோயா தாண்டியதும் இருமினான்.
என் தாயையும் அவள் தாயையும் இழுத்து
ஒரு வசவு வைத்தான்.
அப்படி ஒரு கெட்ட வார்த்தையை
நான் காது குளிரக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் வந்தான்.
நன்றி எதுவும் சொல்லவில்லை.
செவ்வாய்க்கிழமை மறுபடி போட்டானாம்.
இந்தமுறை தாழ் போடாமல்,
வாசலில் ஒரு கூட்டாளியை உட்கார வைத்துவிட்டு.
இதைக் கேட்டு அருளப்பன் காறித் துப்பினான்.
பூரணி மட்டும் சொன்னாள்,
"ஆளை வச்சிக்கிட்டானே. அது போதும் இன்னைக்கு."
யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

டாங்கியை இப்போது நிரப்பியே வைக்கிறேன்.
சோதிமணி அக்கா என் ஓட்டோவில் ஏறுவதில்லை.
டவுனுக்கு நாலு மைல் நடக்கிறாள்,
மழையிலும்.
அவளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்கிறேன்.
ஹாரன் அடிப்பதில்லை.