குளிர் விட்டுப்போனால்

ஔலு நகரத்துப் பழம்பொருள் சந்தையில் ஐந்து யூரோ.
விற்ற பெண் இரண்டு முறை சொன்னாள்: ஓடாது.
மூன்றாம் முறை காசை வாங்கிக்கொண்டு சொன்னாள்.

விசைப்பலகையும் கணினியும் ஒரே உடம்பு.
காப்பிக் கறை ஏறிய பல்லின் நிறம்.
திறந்தால்
முப்பத்தைந்து வருடத் தூசி, ஒரு ஹேர்பின், அரை பிஸ்கட்.

ஐந்து வோல்ட் ஒழுங்காகத்தான் வந்தது.
திரை மட்டும் கறுப்பு.
இரவு பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்து
ஒவ்வொரு சில்லாக விரல் வைத்துப் பார்த்தேன்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.
பதினேழாம் எண் சுட்டது.
அதன் எழுத்துகள் என் கொப்புளத்தில் பதிந்துவிட்டதாக
டிப்போவில் சொன்னேன். பொய்தான்.

பிரெமனிலிருந்து புதுச் சில்லு வர பதினொரு நாள்.
சனிக்கிழமை தங்கை சாப்பிட வந்தாள், மேசை வேண்டும்.
எல்லாவற்றையும் வாரி பால்கனியில் வைத்தேன்.
மைனஸ் பத்தொன்பது.

அவள் போனபின், சும்மாதான்,
அங்கேயே கரண்ட் கொடுத்தேன்.

நீலம்.
நீலத்துக்குள் வெளிர்நீலமாய் ஒரு சொல்: ரெடி.

நான்கு நிமிடம்.
பிறகு எழுத்தெல்லாம் கோணிக் கறுத்தது.
குளிர் விட்டுப்போனால் யாருக்கும் திமிர்தானே.

அப்புறம் தினமும் பால்கனிதான்.
டிவி உள்ளே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
நான் வெளியே, நுனி வெட்டிய கையுறையோடு.
மேல்மாடி கௌகோ சிகரெட்டும் கையுமாக எட்டிப் பார்த்து
என்ன செய்கிறாய் என்றார்.
டைப் அடிக்கிறேன் என்றேன்.
வேறெதுவும் கேட்காமல் போர்வையோடு இறங்கி வந்துவிட்டார்.

என் பதினைந்தாம் நம்பர் பஸ்ஸை
நிறுத்தம் நிறுத்தமாக ஓட்டும் ஒரு சின்ன ஆட்டம்.
அணைந்தால் எல்லாம் போச்சு, மறுபடி முதல் வரி.
மின்கட்டண உறையின் முதுகில் எழுதிவைத்ததை
கௌகோ வாசிப்பார், புகையா மூச்சா தெரியாது.
நான் அடிப்பேன்.
ஒன்பது நிறுத்தம் வரை போவோம்.
பத்தாவது மருத்துவமனை.
ஒருநாளும் போய்ச் சேரவில்லை.

சில்லு வந்தது. மாற்றினேன்.
சமையலறை மேசையில் ஆறு மணி நேரமாக ஓடுகிறது.
மருத்துவமனை தாண்டி, பாலம் தாண்டி,
கடைசி நிறுத்தத்தில் திரும்பி வருகிறது பஸ்.
நான்கு நிமிடம் ஆகும்போதெல்லாம்
எனக்குத்தான் விரல் தானாக நிற்கிறது.

பால்கனிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
வீடெல்லாம் குளிர்.
மேலே
தீக்குச்சி உரசும் சத்தம்.